“ரத்தத்துலயே இருக்கு” – கொலையின் பூர்வீகம் பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் ஒரு நாள் கொடைரோடு ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பெஞ்சில் கிடந்த பேப்பரில் ஒரு கொலைச் செய்தி. பைக்கில் வந்தவர்கள், அரிவாள், முன்விரோதம், தனிப்படை அமைத்துத் தேடல். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் அது அதற்கு முந்தின மாதச் செய்தி. பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “மனுசனும் மிருகந்தானே தம்பி, வேற என்ன” என்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாரையும் சொல்லாதீங்கய்யா. சில ஆளுகளுக்கு அது ரத்தத்துலயே இருக்கு.” எந்த ஆளுக என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இங்கே அதைக் கேட்க வேண்டியதே இல்லை. அவரவர் மனசில் ஏற்கனவே ஒரு பெயர் இருக்கும்.

ரெண்டு பேர் சொன்னதும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் வேறு வேறு. கொலை மனித இனத்துக்கே பொதுவான பூர்வீகச் சொத்து என்கிறார் பெரியவர். அது சில கூட்டத்துக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து என்கிறார் டீக்கடைக்காரர். பெரியவர் பேச்சைப் பற்றி விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். டீக்கடைக்காரர் பேச்சு, நம்ம பக்கத்தில் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. இரண்டையும் பற்றிப் படித்துக் குறித்து வைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கொலைகாரக் குரங்கு என்ற கதை

முதலில், தப்பாகப் போன ஒரு பதிலைப் பார்த்துவிடலாம். 1924இல் தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற இடத்தில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோட்டை ஆராய்ந்து, மனிதனின் மூதாதை ஆப்பிரிக்காவில்தான் இருந்தது என்று சொன்னவர் ரேமண்ட் டார்ட். அதில் அவர் சொன்னது சரி. பிற்பாடு குகைகளில் உடைந்த எலும்புகள் குவியலாகக் கிடைத்ததைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்: நம் மூதாதைகள் எலும்பையே ஆயுதமாக்கி அடித்துக் கொன்றவர்கள், அந்தக் கொலை வெறிதான் குரங்கை மனிதனாக்கியது. 1968இல் வந்த ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் ஆரம்பத்தில் ஒரு குரங்கு மனிதன் எலும்பைத் தூக்கி அடிக்கும் காட்சி வரும். அது இந்தக் கருத்தின் நிழல்தான்.

சி. கே. பிரெய்ன் என்ற ஆய்வாளர் அதே எலும்புகளைப் பொறுமையாகத் திரும்பப் பார்த்தார். ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஒரு மண்டையோட்டில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றின் இடைவெளி, சிறுத்தையின் கீழ்த்தாடைக் கோரைப்பற்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதாவது நம்ம ஆள் அங்கே வேட்டைக்காரன் இல்லை, சாப்பாடு. ஒரு கதை நமக்குப் பிடித்துப் போனால் எலும்பும் அதையே பேசுவது போலத் தெரியும். இந்த எச்சரிக்கையோடு மேலே போகலாம்.

தார்வாட்டிலும் அபு மலையிலும் நடந்தது

விலங்குகள் தம் இனத்தையே கொல்லுமா? 1960கள் வரை பலரும் இல்லை என்றே நம்பினார்கள். சண்டை போடும், ஆனால் கொல்லும் அளவுக்குப் போகாது, இனம் அழிந்துவிடும் அல்லவா என்பது வாதம். இந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்ததில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு.

கருமுகமும் நீண்ட வாலும் உள்ள அனுமன் மந்தியைத் தெரிந்திருக்கும். 1960களின் தொடக்கத்தில் யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் கர்நாடகாவின் தார்வாட் பகுதியில் அவற்றைக் கவனித்தார். ஒரு கூட்டத்தில் பல பெண் மந்திகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கடுவன்தான் தலைவன். வெளியிலிருந்து புதுக் கடுவன் வந்து பழையவனை விரட்டிவிட்டால், அடுத்த சில வாரங்களில் பால்குடி மறக்காத குட்டிகள் கடிபட்டுச் செத்தன. 1970களில் சாரா பிளாஃபர் ஹெர்டி என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் ராஜஸ்தானின் அபு மலையில் இதே மாதிரி சம்பவங்களைப் பதிவு செய்து, ஒரு விளக்கமும் சொன்னார். பால் கொடுக்கும் தாய் மறுபடி கருத்தரிக்க நாளாகும். புதுக் கடுவனுக்குத் தலைமைப் பதவி சில வருடங்கள்தான் நிலைக்கும். அடுத்தவன் குட்டி வளரக் காத்திருந்தால் தன் குட்டி பிறப்பதற்குள் பதவி போய்விடும்.

பெரிய சர்ச்சை கிளம்பியது. ‘ஊருக்குள் நெருக்கடியில் வாழும் மந்திகளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, இது இயல்பே கிடையாது’ என்றார்கள். 1990களில் தெற்கு நேபாளத்தின் ராம்நகரில் மந்திகளின் மரபணுவைச் சோதித்தபோது, குட்டியைத் தாக்கிய கடுவன்கள் எவையும் அந்தக் குட்டியின் தகப்பன் இல்லை என்று தெரிந்தது. ஹெர்டியின் விளக்கம் வலுப்பட்டது.

இதை உடனே மனிதனுக்குப் பொருத்திவிடக் கூடாது. மந்தி உட்கார்ந்து கணக்குப் போடுவதும் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: கொலை எப்போதும் வெறியின் வெளிப்பாடு என்று சொல்ல முடியாது. லாபம் அதிகம், ஆபத்து குறைவு என்ற நிலைமை வரும்போது மட்டும் வெளியே வரும் நடத்தையாகவும் அது இருக்கலாம். நிலைமை மாறினால் அது வராமலே போகலாம்.

எட்டுக்கு ஒன்று

மந்தி நமக்குத் தூரத்துச் சொந்தம். நெருங்கிய பங்காளி சிம்பன்சி. ஜேன் குடால் பல வருடங்களாகக் கவனித்து வந்த தான்சானியாவின் கோம்பே காட்டில் ஒரு சிம்பன்சிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. 1974 ஜனவரியில் வடக்குக் கூட்டத்தின் ஆண்கள் ஒரு குழுவாக எல்லை தாண்டிப் போனார்கள். தெற்குக் கூட்டத்து ஆண் ஒன்று தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அமுக்கிப் பிடித்து அடித்துக் கடித்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. நாலு வருடங்களில் தெற்குக் கூட்டமே இல்லாமல் போனது. ஒரு காலத்தில் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தவை இவை.

குடால் வாழைப்பழம் போட்டுப் பழக்கியதால்தான் இந்தச் சண்டை என்று ஒரு விமர்சனம் இருந்தது. 2014இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இதைச் சோதித்தது. 18 சிம்பன்சிக் கூட்டங்களில், நேரில் பார்த்தது, தடயத்தால் ஊகித்தது, சந்தேகப்பட்டது எல்லாம் சேர்த்து 152 கொலைகள். மனிதத் தலையீட்டின் அளவுக்கும் கொலை எண்ணிக்கைக்கும் தொடர்பு தெரியவில்லை. தாக்கியவர்களில் 100க்கு 90க்கு மேல் ஆண்கள். கூட்டங்களுக்கிடையே நடந்த தாக்குதலில் பொதுவாக ஒரு ஆளுக்கு எட்டுப் பேர்.

இந்த எட்டுக்கு ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சமபலமாக இருந்தால் கத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். தனியாகச் சிக்கினால் கொல்கிறார்கள், ஏனென்றால் அடிப்பவனுக்குக் கீறல் கூட விழாது. இதே ஆய்வில் நாலு போனபோக் கூட்டங்களும் இருந்தன. அவற்றில் சந்தேகத்துக்குரிய கொலை ஒன்றே ஒன்று. போனபோவும் சிம்பன்சியும் நமக்கு ஒரே அளவு நெருக்கம். சிம்பன்சியை மட்டும் காட்டி ‘இதுதான் நம் தாத்தா’ என்றால், போனபோ பாட்டியை மறைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

நூற்றுக்கு இரண்டு

2016இல் அதே ‘நேச்சர்’ இதழில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் 1,024 பாலூட்டி இனங்களின் இறப்புக் கணக்கைச் சேர்த்தார்கள். செத்தவற்றில் எத்தனை, தன் இனத்தாலேயே கொல்லப்பட்டவை? பாலூட்டிகள் மொத்தத்துக்கும் சராசரி சுமார் 0.3 சதவீதம். முதலிடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? டிவியில் எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும் அந்த மீர்கேட்டுக்கு: கிட்டத்தட்ட 20 சதவீதம். மனிதன் தோன்றியபோது அவனுக்கு இருந்திருக்கக்கூடிய அளவு, வம்சாவளியை வைத்துக் கணக்கிட்டால், சுமார் 2 சதவீதம். 50 சாவில் ஒன்று. பொதுவாகப் பாலூட்டிகளை விட அதிகம், ஆனால் குரங்கினத்துக்குள் நாம் ஒன்றும் அதிசயம் இல்லை.

ஆதாரமாக எலும்புகளும் உண்டு. சூடானின் ஜெபல் சஹாபா இடுகாடு 13,000 வருடங்களுக்கு மேல் பழையது. அங்கே கிடைத்த 61 பேரின் எலும்புகளை மறுபடி ஆராய்ந்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள். பலருக்கு எறியாயுதக் காயம், சிலருக்கு ஆறின பழைய காயத்தோடு புதுக் காயம். ஒரே நாளில் நடந்த போர் இல்லை, திரும்பத் திரும்ப நடந்த மோதல். கென்யாவின் நடாருக்கில் சுமார் 10,000 வருடங்களுக்கு முன் செத்த 27 பேரின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. பலர் அடித்தோ குத்தியோ கொல்லப்பட்டவர்கள் என்பது கண்டுபிடித்தவர்களின் முடிவு. அதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனாலும் விவசாயமும் ராஜாவும் வருவதற்கு முன் மனிதன் சாதுவாகவே இருந்தான் என்று இனிச் சொல்வது கஷ்டம்.

ஆக, பெரியவர் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

தைப்பூசக் கூட்டத்தில் ஒரு சிம்பன்சி

தைப்பூச சமயத்தில் திண்டுக்கல் பக்கம் ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். பழனிக்கு லட்சக்கணக்கில் பாதயாத்திரை. முன்பின் தெரியாத ஆண்கள் தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள், அன்னதானப் பந்தலில் வரிசையில் நிற்கிறார்கள், யாரோ ஒருவர் பக்கத்தில் துண்டை விரித்துத் தூங்குகிறார்கள். இதே இடத்தில் வேறு வேறு கூட்டத்து ஆண் சிம்பன்சிகள் 100 இருந்தால் ஒட்டன்சத்திரம் தாண்டாது.

ரிச்சர்ட் ரேங்ஹம் என்ற மானுடவியலாளர் இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் காட்டுகிறார். வன்முறை ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று சூடானது: சீண்டினால் உடனே பாய்வது. மற்றது குளிர்ந்தது: திட்டம் போட்டு, ஆள் சேர்த்து, நேரம் பார்த்துச் செய்வது. மூளையில் இரண்டுக்கும் பாதை ஒன்றில்லை. அவரும் சக ஆய்வாளர்களும் சிம்பன்சிகளையும் சிறு மனித சமூகங்களையும் ஒப்பிட்டார்கள். கொலை விகிதம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் சும்மா அடித்துக்கொள்வது சிம்பன்சிகளிடம் சில நூறு மடங்கு அதிகம். சூட்டில் நாம் ரொம்பச் சாது. குளிரில் கைதேர்ந்தவர்கள்.

எப்படி இந்தக் கலவை வந்தது? ரேங்ஹம் சொல்வது கொஞ்சம் சங்கடமான பதில். பேச்சு வந்த பிறகு, கூட்டத்தை மிரட்டி வைத்திருந்த முரடனைப் பற்றி மற்றவர்கள் ரகசியமாகப் பேசி முடிவெடுக்க முடிந்தது. ஆயுதம் இருந்ததால் அவனைத் தீர்த்துக்கட்டவும் முடிந்தது. தலைமுறை தலைமுறையாக முரடர்கள் குறைய, இனமே கொஞ்சம் பழக்கப்பட்டதாகிவிட்டது. அந்தச் சாதுத்தனத்தின் விலை, கூடிப் பேசிக் கொல்லும் திறமை. இதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் சூடு, குளிர் என்ற பிரிவு பேப்பர் செய்திகளைப் படிக்க எனக்கு உதவுகிறது.

கல்லில் எழுதிய பெயர்

பேச்சு இன்னொன்றையும் செய்தது. கொடைரோட்டுக்கு மேற்கே வைகைக் கரையில், தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊர் இருக்கிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை, 2,000 வருடங்களுக்கு மேற்பட்டவை. அதில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுடைய கல். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல், அதாவது அடுத்த ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவது.

ஆகோளில் என்ன நடக்கும்? ஆள் சேர்த்துக்கொண்டு, எதிர்பாராத நேரத்தில் எல்லை தாண்டிப் போவது. கோம்பேயில் நடந்ததிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. தூரம் வருவது அதற்கப்புறம். செத்த சிம்பன்சிக்குக் கல் கிடையாது. அந்தவனுக்குக் கல் நட்டு, பெயர் எழுதி, கும்பிட்டார்கள். கொல்வதற்கும் சாவதற்கும் பெருமை என்ற லாபம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. காட்டில் இல்லாத லாபம் இது, ஊர் கொடுப்பது. பெருமை இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் அவமானமும், பழி தீர்க்காதவன் என்ற பேச்சும் வரும்.

2012 ஜனவரியில் திண்டுக்கல் நந்தவனப்பட்டியில் பசுபதி பாண்டியன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டவர்களில் சிலர் அடுத்தடுத்த வருடங்களில் கொல்லப்பட்டார்கள். 2021 செப்டம்பரில் ஒரு வயதான பெண்மணியைக் கொன்று, தலையை அவர் வீட்டு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பழிக்குப் பழி என்றது போலீஸ். இடையில் ஒன்பது வருடங்கள்.

ஒன்பது வருடம் கோபத்தைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சிறுமலை ரோட்டில் ஒரு ரொட்டிக்காகக் குரங்குகள் பல்லைக் காட்டிச் சண்டை போடுவதைப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்பது வருடத்துக்கு நினைவு நாள் வேண்டும், போஸ்டர் வேண்டும், ‘நீயெல்லாம் ஒரு ஆளா’ என்று கேட்க நாலு பேர் வேண்டும். கூடிச் செயல்படும் திறமை பூர்வீகமானதுதான். அதற்கு வருடக்கணக்கில் தீனி போடுவது நாம்.

ரேகைச் சட்டம்

இப்போது டீக்கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். சில ஆளுகளுக்கு ரத்தத்தில் குற்றம் இருக்கிறது என்பதை 1871இல் ஆங்கிலேய அரசு சட்டமாகவே எழுதியது: குற்றப் பரம்பரைச் சட்டம். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் வந்தது. இன்றைய திண்டுக்கல், தேனி எல்லாம் அப்போது மதுரை ஜில்லாதான். பிரமலைக் கள்ளர்கள் மீது இது பாய்ந்தது. எந்தத் தப்பும் செய்யாத ஆணும் பிறந்த சாதிக்காகக் கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

பரிணாமத்தைப் படித்தால் இந்தச் சட்டத்துக்கு ஆதாரம் கிடைக்குமா? நேர் எதிர். மந்தி, சிம்பன்சி, 2 சதவீதம் எல்லாமே இனம் முழுவதையும் பற்றிய பேச்சு. கொலைக்குத் தகுதியான மூளை எல்லா மனிதருக்கும் பொது. அதில் சாதிக்கு, ஊருக்கு என்று பங்கு பிரித்துக் கொடுக்க ஒரு ஆய்வும் இடம் தரவில்லை. ஓரிடத்தில் கொலை அதிகம் என்றால் பார்க்க வேண்டியது அங்கே கொலைக்கு என்ன லாபம், என்ன ஆபத்து, யார் கைதட்டுகிறார்கள் என்பதைத்தான்.

இதற்குப் பெரிய ஆதாரம் காலம்தான். மத்திய கால இங்கிலாந்தில் வருடத்துக்கு லட்சம் பேரில் 20க்கும் மேல் கொலை நடந்தது என்று பழைய நீதிமன்ற ஆவணங்களிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று சுமார் 1. இந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் லட்சத்துக்கு நாலரை இருந்தது. 2022இல் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 28,522 கொலை வழக்குகள், லட்சத்துக்கு 2.1. முப்பது வருடத்தில் பாதிக்கும் கீழே. முப்பது வருடத்தில் ரத்தம் மாறாது. நாட்டில் வருடத்துக்குச் சுமார் 90 லட்சம் பேர் இறக்கிறார்கள். கணக்குப் போட்டால் கொலைச் சாவு 0.3 சதவீதம் வருகிறது. நம் பூர்வீகம் என்று சொன்ன 2 சதவீதத்தில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை.

அதே 2022 கணக்கில் காரணங்களைப் பார்த்தால் முதலிடம் ‘தகராறு’, 9,962. அடுத்து முன்விரோதம், 3,761. ஆதாயத்துக்காக நடந்த கொலை 1,884தான். வாய்த் தகராறும் வரப்புத் தகராறும் பழைய பகையும்தான் பெரும் பங்கு. முதல் வகைக்குப் பாதி மருந்து, பக்கத்தில் இருப்பவர் ‘விடுப்பா’ என்று இழுத்துக்கொண்டு போவது. இரண்டாவது வகைக்கு, கொன்றவனுக்கு போஸ்டர் ஒட்டாமல் இருப்பது, சாட்சி பயமில்லாமல் சொல்ல முடிவது, வழக்கு காலாகாலத்தில் முடிவது.

அன்றைக்கு இதெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொல்லவில்லை, ரயில் வந்துவிட்டது. டீக்கடைக்காரரிடம் மட்டும் ஒன்று கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையனுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். காது எங்கள் பக்கம்தான் இருந்தது. ‘சில ஆளுக’ என்று நீங்கள் சொன்னீர்களே, அந்தப் பையன் அந்த வார்த்தையை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருப்பான்?